பந்துக்கு இடமில்லை, பழிக்கு மட்டும் இடமுண்டா?

‘நம் வாலிபர்கள் கெட்டுப்போய்விட்டார்கள்’ என்னும் ஓலம் மலாக்கா மாநிலத்தில் இப்பொழுது ஓயாமல் கேட்கிறது. கலியாண மண்டபத்தில் கேட்கிறது. கருமாதி வீட்டில் கேட்கிறது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில், மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நிற்கும் தலைவரின் வாயிலிருந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறது. ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் கோயில் கமிட்டி கூடினால், கணக்கு வாசித்து முடிந்து காப்பி வருகிற வரையில் பேசுவதற்கு வேறு பொருள் அகப்படாதபோது, பெரியோர்கள் இந்தப் பல்லவியைத்தான் எடுத்துக்கொள்ளுகிறார்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்களாம். சாலையில் கூச்சலிட்டுக்கொண்டு திரிகிறார்களாம். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பதில்லையாம். கோயிலுக்கு வந்தாலும் சாமியைப் பார்ப்பதில்லையாம்.

இக்குற்றச்சாட்டுகள் முழுப் பொய் என்று சாதிப்பதற்காக நாம் இதை எழுத முற்படவில்லை. பிள்ளைகள் பொழுதை வீணாக்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர்கள் நல்ல வழியில் போக்குவதற்கென்று எந்தப் பொழுதை, எந்த இடத்தை, எந்தப் பொருளை நாம் அவர்கள் கையில் கொடுத்தோம்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாதவரையில் குற்றம் சாட்டுகிறவர்களின் யோக்கியதையைப் பற்றியே நமக்கு விவகாரம்.

செம்பனைக் காட்டுக்கு நடுவே இன்னும் இரண்டு மூன்று லயங்கள் மீந்திருக்கிற ஒரு தோட்டத்துப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; உங்கள் உறவினர் வீட்டிலேயே அவன் இருப்பான். விடியுமுன் எழுந்து, பாதித் தூக்கத்தில் பள்ளிக்கூட வண்டி ஏறி, பிற்பகல் வெயிலில் திரும்பி வருகிறான். சோறு தின்ற கையோடு டியூஷன். அது முடிந்து, இருட்டுவதற்குள் அவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் செய்ய விரும்புவது என்ன? பந்தாட வேண்டும். எங்கே ஆடுவது? முன்னாளில் பிரட்டுக் களமாயிருந்த இடத்தில் உரமூட்டைக் கொட்டகை நிற்கிறது. ஆகவே செம்மண் சாலையே திடல். இரண்டு ஜப்பான் சிலிப்பர்களே கோல் கம்பம். ஆட்டம் சூடு பிடிக்கிற சமயம் பார்த்துச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும். ஆட்டத்தை நிறுத்தி ஓரம் ஒதுங்க வேண்டும். லாரி போய்ப் புழுதி அடங்கியபின் உதைத்த பந்து கால்வாயில் விழும்; கால்வாயில் விழாவிட்டால் கோயில் வளாகத்தில் விழும். கால்வாயில் விழுந்த பந்தையாவது மீட்கலாம். கோயிலில் விழுந்த பந்தைக் கமிட்டித் தலைவர் எடுத்துப் பூட்டிவிடுவார். ‘பந்தைக் குடுங்க மாமா’ என்று ஆறு பேர் வரிசையாக நின்று கெஞ்ச வேண்டும். அவர் கொடுப்பதற்கு முன் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார். பிரசங்கம் முடிவதற்குள் இருட்டிவிடும்.

பந்து போயிற்று; கைப்பேசிக்கு வருவோம். வீட்டில் பிள்ளைகள் மூன்று, கைப்பேசி ஒன்று. பத்து வெள்ளி டாப்-அப் போட்டால் ஒரு வாரம் தாக்குப் பிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கோடு இரண்டாவது காட்டும். சகாக்கள் ஐவரும் ஐந்து ஊரிலிருந்து ஒரே ஆட்டத்தில் இறங்கி, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்பொழுது, அம்மா வந்து ஜொகூரிலுள்ள சின்னம்மாவிடம் பேச வேண்டும் என்று கையை நீட்டுவாள். பாதியில் விட்டுப்போன குற்றத்திற்கு நால்வரின் ஏச்சும் மறுநாள் பள்ளியில் அவன் தலையில் விழும். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் அவரவர் தொலைக்காட்சித் தொடரின் நடுவே மின்சாரம் நின்றபொழுது அவரவர் வாயிலிருந்து வந்த சொற்களையும் சற்றே நினைவுகூர்ந்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மாதம் ஒருமுறை பட்டணம் போகலாம் என்று அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாக்கா பட்டணம் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அன்று முதல் சிங்கப்பூரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறவர்களின் பொழுதுபோக்குக்கு அங்கே குறைவொன்றும் இல்லை. பூவும் விளக்கும் ஜோடித்த சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கட்டடங்களைச் சுற்றுகின்றன; ஜோன்கர் தெருவில் இரவுக் கடைகள். அதே மாநிலத்துப் பையன் ஒருவன், பதினாறு வயது நிறையாததால் மோட்டார் சைக்கிள் லைசென்சும் இன்றி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, மலாக்கா சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, படம் தொடங்கிய பின் உள்ளே நுழைந்து, கடைசி பஸ்ஸுக்குப் பயந்து படம் முடியுமுன் வெளியே வருகிறான். கதாநாயகன் எப்படிப் பழி தீர்த்தான் என்பதைச் சகாக்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிற இரசிகர்கள் எங்கள் பக்கத்தில் அநேகர்.

நிற்க. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் இல்லாமலே வளரவில்லையா?’ என்று பெரியோர்கள் கேட்பதுண்டு. இஃது ஒரு பெரும் புரட்டு. அவர்கள் காலத்தில் இருந்தன. அவர்களுக்குத் திடல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தத் தோட்டத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் பந்தயம் இருந்தது. சடுகுடு இருந்தது, திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய நாடகம் இருந்தது. 1946ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு ஏற்பட்ட பின்னர் அரசாங்க வண்டிகள் தோட்டந்தோட்டமாக வந்து வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டின. குழந்தை குட்டிகளோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் பார்த்தார்கள். மாலையில் வானொலியில் தங்கள் பெயரோடு பாட்டு வருமா என்று தபாலட்டை எழுதிப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்களேயாவர். இவ்வளவையும் அனுபவித்துவிட்டு, தம் பேரப்பிள்ளைகளிடம் ‘நாங்கள் பால்வாளியைத் தவிர வேறொன்றும் அறியோம்’ என்பது நியாயமாகுமா?

அவர்கள் காலத்துக் கூட்டங்களில் சினிமாவுக்கு எதிராக முழங்கியவர்களும் இருந்தார்கள் என்பது வேறு கதை. 1931இல் தமிழ்ப் பேசும் படம் பிறந்த நாள் தொட்டு, பிள்ளைகளைக் கெடுப்பதற்கென்று ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு பூதம் நமக்கு அகப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது: சினிமா, பிறகு வீடியோ, பிறகு துணைக்கோள் தொலைக்காட்சி, இன்று கைப்பேசி. பூதம் மாறுகிறது, பூசாரி மாறவில்லை.

பையன்களின் இந்தச் சில்லறைக் குறைகளைப் பத்திரிகையில் எழுதுவதா, சம்பளப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் இருக்கையில் பந்தும் சைக்கிளும் ஒரு பொருளா என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு 1941ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள், கூலி உயர்வுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் கள்ளுக்கடைகளை மூடுவதற்கும் பக்கத்திலேயே, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்றாக நின்றது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிள் ஒரு சில்லறை விஷயமென்று அவர்களில் எவரும் கருதவில்லை. வேலை முடிந்த மாலை நேரத்தில் தன் சொந்தச் சைக்கிளில் தன் மனம்போல் செல்ல முடியாதவன் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் அடிமையே என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. இக்கட்டுரை எழுதுகிறவனும் ஒரு கிராணியே. அக்கோரிக்கை எந்த நாற்காலியை நோக்கி விடுக்கப்பட்டதோ அந்த நாற்காலியிலேதான் உட்கார்ந்திருக்கிறான். ஆகையால், சைக்கிளில் போகிற பையன் இறங்கி வணக்கம் சொல்லவில்லையே என்று இன்று ஆத்திரப்படுகிற பெரியவர்களைக் காணும்போது, துரை போன பின்னும் துரைத்தனம் போகவில்லை என்பது அவனுக்கு மற்றவர்களைவிடச் சற்று விரைவாகவே விளங்குகிறது.

திடல் எங்கே போயிற்று என்பதையும் பார்ப்போம். மலாயாவில் வாணிகத்துக்கென்று முதன்முதல் ரப்பர் பயிரிட்டது இந்த மலாக்காவில்தான்; 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனர் நட்டார். அன்று முதல் காட்டை அழித்ததும் மரத்தை வெட்டியதும் பெரும்பாலும் நம் கைகள். மண் மட்டும் நம்முடையதாகவில்லை. 1950களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் பட்டணத்தை ஒட்டிய இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. நம்மவரில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போய்விட்டனர். இவ்வளவு பெரிய மாறுதலில் திடல் போனதற்குக் கமிட்டித் தலைவர்களா பொறுப்பு என்று கேட்பீர்கள். பொறுப்பு அவர்களுடையது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். தோட்டம் கைமாறும்போதெல்லாம் கோயிலைக் காப்பதற்கு ஊர் திரண்டது, கையெழுத்து வாங்கினார்கள், மந்திரி வீட்டு வாசலில் நின்றார்கள், மாற்று நிலம் கேட்டு வாங்கினார்கள். திடலுக்காக எத்தனை கையெழுத்து வாங்கினார்கள்? ஆயாக்கொட்டகைக்காக? வாசகசாலைக்காக? கோயிலைக் காக்கத் தெரிந்த கைகளுக்கு, கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த நூறு கஜம் புல்தரை கண்ணில் படவில்லையென்றால், அங்கே ஆடியவர்கள் அவர்கள் கணக்கில் மனிதர்களாகவே இல்லை என்றுதானே பொருள்?

அந்தக் கோயிலிலாவது பிள்ளைகளுக்கு இடம் உண்டா? மாசி மகத்தன்று செங்கிலுள்ள சன்னாசிமலைக்குத் திரள்கிற கூட்டத்தில் பாதி வாலிபக் கூட்டம். ஆண்டு முழுவதும் சகாக்களோடு கூடி நிற்க இடமில்லாத பிள்ளைகள், எந்தப் பெரியவரும் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கமுடியாத ஒரு நாள் கிடைத்ததென்று வருகிறார்கள். வளையல் கடையையும் ஐஸ் கடையையும் சுற்றுகிறார்கள். ‘பக்தியில்லை, வேடிக்கை பார்க்க வருகிறான்கள்’ என்று அதற்கும் வசை. வேடிக்கை பார்க்க ஆண்டில் முந்நூற்றறுபது நாட்களில் வேறு வழி செய்து கொடுங்கள். பக்திமான்கள் மட்டும் கோயிலுக்கு வருவார்கள், உங்களுக்கும் கூட்டம் குறையும்.

இதுவரை பையன்களைப் பற்றியே பேசினோம். பெண் பிள்ளைகளின் நிலைமையோ சொல்லுந்தரமன்று. பையனுக்குச் செம்மண் சாலையாவது உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. பன்னிரண்டு வயது வரையில் அண்ணனோடு பந்தாடியவள், ஒரு நாள் வீட்டுக்குள் அழைக்கப்படுகிறாள். பிறகு என்ன நடக்கிறது? மண்டபம் வாடகைக்கு எடுக்கப்படுகிறது, புகைப்படக்காரர் வருகிறார், அலங்காரக்காரி வருகிறாள், அவள் உருவம் போட்ட ஆளுயரப் பதாகை வாசலில் நிற்கிறது, அவளுடைய உடம்பின் செய்தியை அறிய ஊரார் அத்தனை பேரும் வாழையிலையில் உட்காருகிறார்கள். கடன் வாங்கியேனும் இந்தக் கூத்தை நடத்திவிடுகிற தகப்பனார், மறுவாரம் முதல் அவளுக்குப் பந்து இல்லை, சைக்கிள் இல்லை, சாலை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கைப்பேசி கிடைத்தாலோ, யாரோடு பேசினாள் என்று தம்பி பரிசோதிக்கிறான். அவளைவிட மூன்று வயது இளையவன்! ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அண்ணன் எங்கே என்று கேட்டால் ‘விளையாடப் போயிருக்கிறான்’ என்று தாய் சொல்லுகிறாள். அவள் எங்கே என்று கேட்டால் பாத்திரம் தேய்க்கிற சப்தம் விடை சொல்லுகிறது. ஒருநாள் பூப்பெய்தியதற்கு இத்தனை ஆயிரம் வெள்ளி செலவழிக்கிற சமூகம், அவளுக்கு ஒரு ஜோடி விளையாட்டுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறதா என்று கேட்டால், பெண்ணுக்கு ஏன் அதெல்லாம் என்கிறது.

பெண்ணுக்கு ஏனா? 1943ஆம் ஆண்டு ஜான்சி ராணிப் படை அமைந்தபொழுது இதே மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். காற்சட்டை அணிந்தார்கள்; துப்பாக்கி பிடித்தார்கள்; பர்மா வரையில் சென்றார்கள். அவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர் நம் எம். ராஜாமணி. இவ்விருவகைப் பெயர்களையும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிற பெரியவர்களே, உங்கள் மகள் மாலை ஐந்து மணிக்குச் சாலையில் ஓடினால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? மகளைப் போர்க்களத்துக்கு அனுப்பிய சமூகத்தின் பேரர்கள், அவளைப் பந்துக்களத்துக்கு அனுப்ப அஞ்சுவது முன்னேற்றமா, பின்னேற்றமா?

இனிப் பெரியவர்களுடைய பொழுதுபோக்கையும் ஒருகணம் தராசில் வைப்போம். அக்காலத் தோட்டங்களில் தொழிலாளியின் ஓய்வு நேரத்துக்கென்று நிர்வாகம் தவறாமல் ஏற்படுத்திக் கொடுத்த மண்டபம் ஒன்றே. அதன் பெயர் கள்ளுக்கடை. அதை எதிர்த்து இயக்கங்கள் எழுந்தன. கள்ளு அநேகமாய்ப் போயிற்று. ஆனால் அதன் இடத்தில் சம்சுவும் பீரும் வந்து உட்கார்ந்தன. நான்கு இலக்க நம்பர் எழுதுகிற கடை வாசலில் சனி ஞாயிறுகளில் நிற்கிற வரிசையைப் பாருங்கள். அதில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இல்லை. கனவில் வந்த பாம்புக்கு எந்த நம்பர் என்று ஆராய்ந்து இருபது வெள்ளியைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிற தகப்பன், மகனுடைய பத்து வெள்ளி டாப்-அப்பை ஊதாரித்தனம் என்கிறான்.

இப்பொழுது சட்டமும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கலாகாது என்னும் சட்டம் 2025 டிசம்பர் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின மாதமே நம் நாட்டு அரசாங்கமும் 2026 முதல் அவ்வாறு செய்யப்போவதாக அறிவித்தது. நம் பெரியோர்களுக்கு ஒரே ஆனந்தம். அச்சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. பிள்ளைகளின் கவனத்தைக் கொள்ளையிட்டுப் பணமாக்குகிற கம்பெனிகளிடம் நமக்குக் காதலும் இல்லை. ஆனால் பிள்ளையின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறவன், அந்தக் கையில் வேறொன்றை வைக்கக் கடமைப்பட்டவன் அல்லனா? ஆஸ்திரேலியப் பையனுக்குக் கைப்பேசி போனால் புல்வெளி இருக்கிறது, நீச்சற்குளம் இருக்கிறது, நூல்நிலையம் இருக்கிறது. எங்கள் பையனுக்குக் கைப்பேசியும் போனால் மீதி இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான்.

அவன் கையில் நாம் ஒன்றும் வைக்காவிட்டால் வைப்பதற்கு வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்பது அமைச்சே காட்டிய கணக்கு. கும்பலில் சேர்கிற பிள்ளை முதல் நாளே கத்தியைத் தேடிக்கொண்டு போவதில்லை. ஒட்டுக்கடையில் உட்கார ஒரு நாற்காலி, ‘வாடா தம்பி’ என்று கூப்பிட ஓர் அண்ணன், பெரிய மோட்டார் சைக்கிளில் ஒரு சவாரி, தன் பெயர் தெரிந்த பத்துப் பேர் — இவற்றைத் தேடிக்கொண்டு போகிறான். இந்த நான்கையும் நாம் கொடுத்திருக்க முடியாதா? கும்பல்காரனுக்கு இருக்கிற புத்தி நம் கமிட்டிகளுக்கு இல்லாமற்போனது ஏன்?

‘விளையாட்டுச் சோறு போடுமா? பரீட்சை அல்லவா முக்கியம்?’ என்பார்கள். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். பரீட்சையை 2021இல் அரசாங்கமே எடுத்துவிட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3ஐ 2022இல் எடுத்துவிட்டது. பரீட்சை போயிற்று, டியூஷன் போகவில்லை. மாலை நேரத்தை எந்தப் பரீட்சைக்காகப் பறித்தோமோ அந்தப் பரீட்சை ஒழிந்த பின்னும், பறித்த மாலையைத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

வழியில்லாமல் இல்லை. இந்நாட்டுத் தமிழர்கள் ஒரு காலத்தில் செய்து காட்டியதே. 1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்று ஒன்றை நடத்திற்று. பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை அச்சிட்டது. அதிலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் இளைஞர்களைக் கூட்டின; பேச வைத்தன, நடிக்க வைத்தன. பின்னாளில் எழுத்தாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் ஆசிரியராகவும் விளங்கியவர்களில் பலர் அங்கே நாற்காலி தூக்கிப் போட்டு வளர்ந்தவர்கள். அதற்கு வேண்டியிருந்தது ஒரு கொட்டகையும் ஒரு விளக்கும், பிள்ளைகளைப் பிள்ளைகளாக மதிக்கிற இரண்டொரு பெரியவர்களுமே.

கோயில் மண்டபங்கள் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றன. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் மாலையில் மணியடித்ததும் வாயிற்கதவு சாத்தப்படுகிறது. இவற்றைத் திறப்பதற்குப் பெருஞ்செல்வர் எவரும் வேண்டியதில்லை. சாவி வைத்திருக்கிறவர் மனம் வைத்தால் போதும். ஒரு கேரம் பலகை, இரண்டு பந்து, ஒரு வலை, பழைய புத்தகங்கள் நிரம்பிய ஓர் அலமாரி. பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் இரண்டு மாலை. அந்த இரண்டு மாலையும் பையன்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கட்டும், கை தேய்ந்துவிடாது. எதை ஆடுவது, எதைப் படிப்பது, யார் சாவியை வைத்திருப்பது என்பதைப் பிள்ளைகளே கூடி முடிவு செய்யட்டும். பெரியவர்கள் தலைமையுரை நிகழ்த்த வரவேண்டாம்.

மாநிலத்திலுள்ள கோயில் கமிட்டிகளும் சங்கங்களும் தங்கள் சென்ற ஆண்டு வரவு செலவை எடுத்து, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, பொன்னாடைக்கு எவ்வளவு, பிரமுகர்களின் விருந்துக்கு எவ்வளவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று நான்கே வரியில் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். வருகிற கணக்குகளை ஆசிரியர் ஒன்றுவிடாமல் வெளியிடுவார் என நம்புகிறோம். நான்காவது வரியில் எழுத ஒன்றும் இல்லாதவர்கள் அதைக் காலியாகவே விட்டு அனுப்பலாம்.